டிப்போவுக்குப் பின்னால் இருந்த மண்

ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் கிழிந்து ரொம்ப நாளாகியிருந்தது. அம்மா டேப் ஒட்டி ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் புது ரப்பர் வாங்கி வந்தாள். டப்பாவுக்குள் மடங்கிக் கிடந்த பட்டை, விரித்த பிறகும் மடிப்பை விடாமல் முறுக்கிக்கொண்டு நின்றது.

"சூடு காட்டினா வழிக்கு வரும்," என்றாள் அம்மா. ஹேர் டிரையரை எடுத்து வந்து அவளே காட்டினாள். சூட்டில் இளகிய இடத்தை மகள் கரண்டிக் காம்பால் பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே வந்தாள்.

"மூலையில அவசரப்படாதே. மூலைதான் முரண்டு பிடிக்கும். உங்கப்பா மாதிரி."

"காதுல விழுது," என்றார் அடுத்த அறையிலிருந்து அப்பா.

"விழணும்னுதான் சொன்னேன்."

நான்கு பக்கமும் உட்கார்ந்த பிறகு, அம்மா கதவிடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்துச் சாத்தி, மெல்ல இழுத்துப் பார்த்தாள். காகிதம் இறுகப் பிடிபட்டு, தயங்கித் தயங்கி வந்தது. சுற்றிலும் அப்படியே செய்து பார்த்தாள். ஃப்ரீசர்களோடு வாழ்நாளைக் கழித்தவள், கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் அவளுக்குத் தூக்கம் வராது. மகளுக்கும் அதே வியாதி. தராசு, தெர்மாமீட்டர், அழுத்தமானி எல்லாம் சரியாகக் காட்டுகின்றனவா என்று தொழிற்சாலைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் சோதித்துச் சான்று கொடுப்பது அவள் தொழில்.

வேலை முடிந்தும் டிரையரின் இரைச்சல் நிற்கவில்லை. மகள் திரும்பிப் பார்த்தாள். அம்மா அதைத் தன் கழுத்தில் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"என்னம்மா பண்றே?"

"குளிருதுடி."

உச்சி வெயில். ஜன்னல் கம்பியைத் தொட்டால் சுட்டது. அம்மாவுக்குப் பல் தந்தியடித்தது. "ஃபிரிட்ஜ்ல இருந்த குளிரெல்லாம் தப்பிச்சு எனக்குள்ள பூந்துடுச்சு போல," என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நடுக்கமாகிவிட்டது. கையிலிருந்த டிரையர் நழுவி விழுந்து தரையில் சுற்றிக்கொண்டிருந்தது.

சில மாதம் முன்பு சிறுநீரகத்தில் கல் என்று குழாய் வைத்து எடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவ்வப்போது எரிச்சல் இருந்ததாம். மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாளாம். இதெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில், ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி டாக்டரிடம் சொன்னபோதுதான் மகளுக்கும் அப்பாவுக்கும் தெரியவந்தது.

"ஏன் சொல்லலை?" என்றார் அப்பா.

"சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? ஊரெல்லாம் தண்டோரா போடுவீங்க."

ரத்தம் எடுத்தார்கள். சலைன் ஏற்றினார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். ரத்தத்தில் கிருமி கலந்திருக்கிறது என்றார் டாக்டர். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்பது ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும், அதுவரை பொதுவான மருந்து ஓடும் என்றார்.

வளர்த்துப் பார்ப்பது. அம்மாவின் ஆயுள் முழுக்க அதுதான் வேலை.

டிப்ளமோ முடித்த கையோடு ஒரு மருந்துக் கம்பெனியில், மண்ணிலிருந்து மருந்து தேடும் பிரிவில் சேர்ந்தவள். பிரிவை இழுத்து மூடும்வரை அதே மேசை, அதே முக்காலி. கம்பெனியில் காவலாளி முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் அவள் மண்ணக்கா. வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

எங்கிருந்தோ வந்த மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் கரைப்பாள். அதை மேலும் மேலும் நீர்க்கவைத்து, ஜெல்லி ஊற்றிய வட்டத் தட்டில் ஒரு சொட்டு தடவி, வெதுவெதுப்பான அலமாரியில் வைப்பாள். சில நாளில் தட்டெங்கும் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நுண்ணுயிர்க் குடும்பம். மண்ணுக்குள் அவை சோற்றுக்கும் இடத்துக்கும் அடித்துக்கொள்ளும் கூட்டம். பக்கத்தில் எவனையும் அண்டவிடாமல் இருக்க ஏதாவது ஒரு விஷத்தைக் கக்குகிற வித்தை அதில் பலவற்றுக்குத் தெரியும். அந்த விஷங்களில், மனிதனை விட்டுவிட்டு அவனுக்குள் புகுந்த கிருமியை மட்டும் தீர்த்துக்கட்டுவது ஒன்று அகப்பட்டால் அது மருந்து. ஆன்டிபயாட்டிக் என்று நாம் விழுங்குவதிலும் குத்திக்கொள்வதிலும் பெரும்பகுதி இப்படி மண்வாசிகளிடமிருந்து வாங்கியதுதான்.

புது உயிர் வேண்டுமென்றால் புது மண் வேண்டும். அதனால் அந்தப் பிரிவில் ஒரு வழக்கம். யார் லீவில் போனாலும், கல்யாணமோ இழவோ எதற்குப் போனாலும், திரும்பும்போது ஒரு கைப்பிடி மண் கொண்டுவர வேண்டும். சிறிய பாலித்தீன் பையும் ஒரு கரண்டியும் கொடுத்தனுப்புவாள் மண்ணக்கா. வெறுங்கையோடு வந்தவர்களுக்கு அன்று டீ கிடையாது. கம்பெனிக்குச் சரக்கு ஏற்றிவந்த லாரிக்காரர்களிடமும் பை கொடுத்தாள். அவர்களில் ஒருத்தர் கேட்காமலே கொண்டுவர ஆரம்பித்தார். மலைப்பாதை மண், உப்பளத்து மண், எரிந்த காட்டின் கரி மண்.

"மத்தவன் பூ குடுத்து மடக்குவான்," என்பார் அப்பா. "நான் மண்ணு குடுத்து மடக்கினேன்."

"மடக்கினாராம். போனாப் போகுதுன்னு வாழ்க்கை குடுத்தேன்."

வீட்டில் அலமாரியைத் திறந்தால் அம்மாவின் துணியிலிருந்து மழை விட்ட வாசனை வரும். மகள் சின்னவளாக இருந்தபோது எல்லா அம்மாக்களும் அப்படித்தான் மணப்பார்கள் என்று நினைத்திருந்தாள். அந்த மண்வாசனையும் அம்மா தட்டில் வளர்த்த அதே கூட்டம் விடுகிற மூச்சுதான் என்பது பிற்பாடு தெரிந்தது.

கண்டுபிடித்தது என்ன என்று கேட்டால் அம்மா கையை விரிப்பாள். ஆயிரக்கணக்கான மண். கிருமியைக் கொல்லும் புள்ளிகள் நிறையக் கிடைத்தன. பிரித்துப் பார்த்தால் ஏற்கெனவே கடையில் விற்கும் மருந்தாக இருக்கும். "புது மாப்பிள்ளைன்னு பந்தா பண்ணிக் கூட்டிட்டு வந்தா, பழைய ஆளே மீசை வெச்சுட்டு நிக்கிறான்," என்பாள். ஒரே ஒரு தடவை நிஜமாகவே புது ஆள் வந்தான். பிரிவே கேக் வெட்டியது. மருந்து கிருமியைக் கொன்றது, எலியையும் கொன்றது. மிச்சக் கேக்கை அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்தாள். யாரும் தொடவில்லை, அப்பாவைத் தவிர.

பிறகு ஒரு வருடம், கிருமி மருந்து இனி வேண்டாம், ஆயுள் முழுக்கச் சாப்பிடுகிற மருந்துகள் பக்கம் போகலாம் என்று மேலே முடிவெடுத்தார்கள். மண் பிரிவை மூடினார்கள். ஃப்ரீசர்களில் உறையவைத்திருந்த உயிர்களை யாராவது வாங்கிக்கொள்வார்களா என்று அம்மா அலைந்து பார்த்தாள். இடமில்லை என்றார்கள். கடைசியில் கூடை கூடையாக எடுத்து, நீராவி அழுத்தத்தில் வேகவைத்துக் கொட்டினார்கள். அன்று வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு படுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு மூன்று நாள் கழித்து, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒட்டடை வந்தான். ஆள் கொக்கு மாதிரி உயரம், ஒல்லி. மண் பிரிவில் அம்மாவின் கீழ் வேலை கற்றவன். அந்தப் பெயர் அவள் வைத்ததுதான். இப்போது இந்த ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் இருந்தான். அம்மாவின் ரத்தத்தை வளர்த்தவனும் அவனே. காய்ச்சல் சற்றுத் தணிந்து அம்மா தெளிவாக இருந்த நேரம்.

"தட்டு வந்துடுச்சாடா?"

"ரெஸ்ட் எடுங்கக்கா."

"ஃபோன்ல எடுத்திருப்பே. காட்டு."

"வேணாம்க்கா."

"ஒட்டடை. நான் பாக்காத தட்டா?"

அவன் மகளைப் பார்த்தான். மகள் தலையசைத்தாள். ஃபோனை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தான்.

ஜெல்லித் தட்டில் கிருமியைப் பரப்பி, மேலே மருந்து தோய்த்த காகித வில்லைகளைப் பதித்திருந்தார்கள். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிந்த வட்டம் விழும். அந்த வட்டத்தை அளவுகோலால் அளப்பார்கள். படத்தில் அளக்க ஒன்றுமில்லை. ஒவ்வொரு வில்லையின் விளிம்பு வரைக்கும் வெளிறிய பாசிபோல் மண்டியிருந்தது.

அம்மா நிதானமாகப் பார்த்தாள். தட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரைக்கும், வேலை மேசையில் பார்ப்பதுபோல.

"நல்லாத்தான் பரப்பியிருக்கே," என்றாள். "கை திருந்தியிருக்கு."

ஒட்டடை மூக்கை உறிஞ்சினான். "இன்னொரு மருந்து தனியாக் குழாய்ல போட்டுப் பாத்தோம்க்கா. அதுக்குக் கேக்குது. ஆனா..."

"கிட்னியத் தின்னும். தெரியும். அந்தக் காலத்து மருந்து. அதுவும் மண்ணுல இருந்து வந்தவன்தான்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "டேய், வெள்ளிக்கிழமை குக்கர் ஞாபகம் இருக்கா?"

"இருக்குக்கா."

மகள் பக்கம் திரும்பி அம்மாவே சொன்னாள். தட்டுகளுக்கு அலமாரியில் ஒரு வாரம்தான் இடம். அடுத்த மண் வரிசையில் நிற்கும். வெள்ளிக்கிழமை ஆனால் பழைய தட்டெல்லாம் வேகவைக்கும் குக்கருக்குள். அதில் சில தட்டுகளில், குக்கருக்குப் போகும் நேரத்தில்தான் ஊசி முனை அளவு ஏதோ எட்டிப் பார்க்கும். மெதுவாக வளர்கிற ஜாதி. எல்லா ஆய்வுக்கூடத்திலும் அப்படித்தான், அவர்களுக்கு மட்டும் இல்லை. 'லேட்டா வர்றவனுக்குச் சோறு கிடையாது' என்று பிரிவில் ஒரு கேலிப் பேச்சே இருந்தது. மூடி போட்டுத் திருகிவிடுவார்கள்.

"அதுல இருந்திருக்குமா, இதுக்கு மருந்து?" என்றாள் மகள்.

"அதைக் கேக்காதே. இருந்திருக்கும்னு சொல்ல முடியாது. இல்லேன்னும் சொல்ல முடியாது. யாருன்னே பாக்கலையே, மூடி போட்டுட்டோம்."

மருந்து ஏற்றும் பம்ப் டிக்டிக்கென்று ஓடியது. அது காட்டும் வேகம் சரிதானா என்று மகள் கைக்கடிகாரத்தை வைத்துச் சொட்டுகளை எண்ணினாள். சரியாக இருந்தது. ரத்த அழுத்தக் கருவி சரியாக இருந்தது. வார்டில் மருந்து வைக்கும் ஃபிரிட்ஜின் தெர்மாமீட்டரில் ஒட்டியிருந்த சான்று அவள் அலுவலகம் கொடுத்தது, தேதி தாண்டவில்லை. குறை சொல்ல ஒரு கருவிகூட அவளுக்கு அகப்படவில்லை.

அப்பா இதையெல்லாம் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்த வெந்நீர் ஃபிளாஸ்க் கையில் இருந்தது. அருகே வந்தார்.

"மருந்து இல்லைங்கறாங்களா?"

"ஒண்ணு இருக்குப்பா. இன்னிக்கு ஆரம்பிக்கிறாங்க," என்றாள் மகள்.

"அது கிட்னியத் தின்னும்னு இப்பத்தானே சொன்னா? எனக்குக் காது இருக்கு." ஃபிளாஸ்க்கை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். அம்மாவைப் பார்த்துக் குனிந்தார். "ஏண்டி, மருந்து மண்ணுல இருந்துதானே வருது? வாழ்நாள் பூரா அதைத்தானே சொன்னே? எந்த மண்ணு வேணும், சொல்லு. நான் ஓட்டாத ரோடு இருக்கா? இன்னிக்கே போய் அள்ளிட்டு வரேன். ஒட்டடை இங்கதானே இருக்கான், தட்டுல போடட்டும்."



மகளுக்குப் பதில் தெரியும். மண்ணிலிருந்து புள்ளி, புள்ளியிலிருந்து விஷம், விஷத்தைப் பிரித்து, எலிக்குக் கொடுத்து, மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, ஊசிக் குப்பியில் அடைப்பதற்குள் ஒரு குழந்தை பிறந்து பள்ளிக்கூடம் முடித்துவிடும். அப்போதும் பெரும்பாலும் ஒன்றும் தேறாது. "அப்பா, அது அப்படி..." என்று ஆரம்பித்தாள். போர்வைக்குள்ளிருந்து அம்மாவின் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. பிடியில் பலமில்லை. சூடு மட்டும் இருந்தது.

"டிப்போ தெரியுமில்ல?" என்றாள் அம்மா, அப்பாவிடம். "பஸ் டிப்போ. அதுக்குப் பின்னாடி ஒரு சதுப்பு இருக்கு. நாணல் மண்டிக் கிடக்கும். அங்க இருந்து வேணும். தண்ணி நிக்கிற ஓரமா, கருப்புச் சேறு. ஆழமாத் தோண்டி எடுக்கணும். மேலாப்புல எடுத்தா ஆகாது."

"அவ்வளவுதானே?" அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. காய்கறி வாங்கப் போகிறவர்போல, "வேற ஏதாவது?" என்று கேட்டார்.

"என் கைப்பையில பை இருக்கும், கரண்டியும் இருக்கும். சாப்பிட்டுட்டுப் போங்க. வெறும் வயித்தோட வெயில்ல நிக்காதீங்க."

அவர் போன பிறகு மகள் கேட்டாள்: "எதுக்கும்மா அவரை அலைய விடறே?"

"இங்க உக்காந்து என் மூஞ்சியையே பாத்துட்டிருந்தா அவர் செத்துப்போயிடுவார்டி. போய்ட்டு வரட்டும்." கண்ணை மூடிக்கொண்டாள். "அந்த மண்ணு நிஜமாவே வேணும். எனக்கு இல்லை."

பிரிவு மூடியதிலிருந்து அம்மா சும்மா இருக்கவில்லை என்பது மகளுக்குத் தெரியும். முழுவிவரம் அப்போதுதான் தெரிந்தது. தூரத்து நகரம் ஒன்றில் ஓர் ஆராய்ச்சி நிலையம். அங்கே ஒரு பெண். தட்டில் வளர மறுக்கிற, மெதுவாக வளர்கிற ஜாதிகளை, அவை வாழ்ந்த மண்ணுக்குள்ளேயே சல்லடைப் பெட்டியில் அடைத்து வளர்த்துப் பார்க்கிறாள். ஜெல்லியில் முளைப்பது மண்ணில் இருப்பதில் துளியூண்டுதான். மிச்சக் கூட்டத்தை இதுவரை யாரும் முகம் பார்த்ததில்லை. அதற்கு உழாத, உரம் போடாத, யாரும் கை வைக்காத மண் வேண்டும். அப்படி ஒரு மண் ஊருக்குள் எங்கே கிடைக்கும்? பஸ்ஸின் ஜன்னலிலிருந்து அம்மா அந்த நாணலைப் பார்த்திருக்கிறாள். சதுப்பை மேடாக்கி வண்டி நிறுத்தப் போகிறார்கள் என்று கண்டக்டர் யாரோ சொல்லக் கேட்டிருக்கிறாள். திங்கட்கிழமை போய் எடுத்து அனுப்புவதாக அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தாளாம். ஞாயிற்றுக்கிழமைதான் குளிர் வந்தது.

"உங்கப்பாகிட்ட இது எனக்கு உதவாதுன்னு சொல்லிடாதே."

"சொல்லலை."

அன்று சாயங்காலம் அப்பா வந்தார். பையில் முக்கால்வாசிக்கு மண். மகள் முதலில் பார்த்தது அவர் காலணியை. அதில் சேறில்லை. பேண்ட் விளிம்பும் காய்ந்திருந்தது. சதுப்பில் இறங்கியவர்போல் அவர் தோன்றவில்லை.

"கொண்டாங்க," என்றாள் அம்மா. பையின் வாயைத் திறந்து அவள் மூக்கருகே பிடித்தார் அப்பா. அதற்குள் அந்தக் கடைசி மருந்து இரண்டு வேளை உள்ளே போயிருந்தது. உதடு வெடித்து, பேச்சு குழறியது. மூக்கு மட்டும் வேலை செய்தது. முகர்ந்தாள். சதுப்புச் சேறு அழுகிய முட்டைபோல் நாறும். பையிலிருந்து வந்தது தோட்டத்து மண்ணின் சாதுவான வாசம். மகள் நின்ற இடத்துக்கே தெரிந்தது.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்த்தார்.

"அதே மண்ணுதான்," என்றாள். "நல்ல மண்ணு. ரொம்ப ஆழமாத் தோண்டியிருக்கீங்க போல?"

"பின்ன? இடுப்பு வரைக்கும் இறங்கிட்டேன்."

"அப்படியா!"

ஒட்டடையைக் கூப்பிட்டு அப்பா பையை ஒப்படைத்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "தட்டுல போட்டுப் பாக்கறேன் மாமா," என்றான். கோட்டுப் பையில் வைத்தால் கொட்டிவிடும் என்பதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனான். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று அப்பாவும் படியிறங்கினார். அவர் போன பிறகு அம்மாவின் வயிறு போர்வைக்குள் குலுங்கியது. மகள் பதறி நர்ஸைக் கூப்பிடப் போனாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவை பத்துப் பை கொண்டுவந்து குடுத்தார். பத்து ஊர்ப் பேரு எழுதி. தட்டுல போட்டா பத்தும் ஒரே மூஞ்சி. ஏதோ டீக்கடைப் பின்பக்கம் மொத்தமா அள்ளியிருக்கார்." மூச்சு முட்டியது. "இன்னும் திருந்தலை பாரு."

அதுதான் அவள் முழுசாகப் பேசிய கடைசிப் பேச்சு.

காய்ச்சல் இறங்கியது. டாக்டர்கள் அதைச் சொல்லும்போது குரலில் சந்தோஷம் இல்லை. சிறுநீர் பிடிக்கும் பை கட்டிலோரம் காலியாகவே தொங்கியது. மருந்தைக் குறைத்தார்கள், காய்ச்சல் ஏறியது. ஏற்றினார்கள், ரத்தத்தில் உப்பும் கழிவும் ஏறின. டயாலிசிஸ் இயந்திரத்தை உருட்டிக்கொண்டு வந்தார்கள். மகள் அதன் திரையையும் அழுத்தமானியையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒன்றுக்கொன்று பொருந்தின. இளம் டாக்டர் ஒருத்தர், இந்த மாதிரி ஒரு கிருமி இந்த வார்டில் முன்பும் வந்திருக்கிறது என்றார். என்ன ஆயிற்று என்று மகள் கேட்கவில்லை.

அப்பா ஒட்டடையைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டார்: "முளைச்சுதா?"

"முளைச்சிருக்கு மாமா. பாத்துட்டிருக்கேன்."

"லேட்டா வர்றதையும் விட்டுடாதேப்பா. அவ சொன்னா இல்ல?"

"விட மாட்டேன் மாமா."

அவன் நிஜமாகவே தட்டில் போட்டிருந்தான். ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் தெரியாமல், ஒரு மூலையில். ஒருநாள் மகளைக் கூட்டிப்போய்க் காட்டினான். மங்கிய வெள்ளையில், சுண்ணாம்புப் பொடி தூவினமாதிரி நான்கைந்து புள்ளிகள். மூடியைத் திறந்தபோது மழை வாசனை வந்தது. அம்மாவின் அலமாரி.

"எல்லாம் பழைய ஆளுங்கதான்," என்றான் ஒட்டடை. "அக்கா பாத்தாலே சொல்லிடுவாங்க." அவன் மூடியை வைத்துவிட்டான்.

அம்மா ஒரு காலை நேரத்தில் போனாள். பக்கத்துக் கட்டிலுக்குக் காலைச் சாப்பாடு வந்துகொண்டிருந்தது. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது, நர்ஸ் வந்து நிறுத்தினாள். அப்பா வெந்நீர் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகித் திறந்து, மறுபடி மூடினார்.

சொந்தக்காரர்கள் வந்து போனார்கள். கம்பெனியில் இருந்தவர்கள் வந்தார்கள். ஒருத்தரும் மண்ணக்காவின் உண்மைப் பெயரைச் சொல்லவில்லை. வீடு காலியான பிறகு, அப்பா சமையலறையில் ஃபிரிட்ஜுக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மகளிடம் சொன்னார்:

"நான் அங்க போனேன். இல்லேன்னு நினைக்காதே. லாரி வரிசையா நின்னு இடிச்ச கட்டடத்துக் கல்லைக் கொட்டிட்டிருந்துது. என்கூட ஓட்டினவன் ஒருத்தன் லாரியும் நின்னுது. நிறுத்துடான்னு கத்தினேன். மாமே, என்னால என்ன முடியும், நான் டிரைவருங்கறான். நாணல் ஒண்ணுகூடத் தெரியலை. வர்ற வழியில பார்க்ல, செடிக்குக் கீழ அள்ளினேன்." கையைத் தொடையில் தேய்த்தார். "மருந்து இருந்திருக்குமோ என்னவோ அங்க. நான் வேற மண்ணைக் குடுத்துட்டேன். நல்லவேளை, அவளுக்குத் தெரியாது."

"தெரியாதுப்பா," என்றாள் மகள். அந்த மண்ணாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று சொன்னால் அவருக்கு ஆறுதலா, இன்னும் மோசமா என்று அவளால் கணக்குப் போட முடியவில்லை. அளக்கத் தெரியாத எதையும் அவள் சொல்வதில்லை.

சில நாள் கழித்து அம்மாவின் ஃபோன் அடித்தது. ஆராய்ச்சி நிலையத்துப் பெண். விஷயம் தெரியாது அவளுக்கு. "அக்கா, டிப்போ மண்ணு அனுப்பறேன்னீங்களே, இன்னும் வரலையே? பெட்டி தயாரா வெச்சிருக்கேன்," என்று கலகலப்பாக ஆரம்பித்தாள். மகள் சொன்னாள். பிறகு அந்தப் பெண், என்ன கிருமி என்று மட்டும் கேட்டாள். மகள் அதன் பெயரைச் சொன்னாள். "அதுக்குத்தான் தேடிட்டிருக்கோம்," என்றாள் அவள்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் மகள் டிப்போவில் இறங்கினாள். பஸ்கள் கழுவும் இடத்தைத் தாண்டி, பின்சுவரின் கதவு வழியாகப் போனாள். செங்கல் ஜல்லியும் சிமென்ட் கட்டிகளும் கலந்து கெட்டித்த மேடு, சுவரிலிருந்து சாலை வரைக்கும். ரோலர் ஒன்று முன்னும் பின்னும் போய்வந்துகொண்டிருந்தது. அம்மாவின் கைப்பையை எடுத்து வந்திருந்தாள்; அதில் கரண்டியும், அப்பா எடுக்காமல் விட்ட இன்னொரு பையும் இருந்தன. பையின் மேல் அம்மா மார்க்கரில் இடத்தின் பெயரை எழுதி வைத்திருந்தாள். தேதிக்கு இடம் விட்டிருந்தாள்.

ரோலர்காரர் வண்டியை நிறுத்தினார். "என்னம்மா தேடறீங்க?"

"இதுக்குக் கீழ இருந்த மண்ணு கொஞ்சம் வேணும்."

"கீழேயா?" அவர் சிரிக்கவில்லை. இறங்கி வந்து, தரையைக் காலால் தட்டிப் பார்த்தார். "ரெண்டு ஆள் உயரத்துக்குக் கொட்டியிருக்கு. மிஷின் வெச்சாலும் இப்ப வராது. செடி வைக்கவா? அந்த மண்ணு ஆகாதும்மா, ஒரே நாத்தம். நல்ல செம்மண்ணு வேணும்னா சொல்லுங்க, லாரிக்காரங்ககிட்ட சொல்றேன்."

"வேணாங்க."

அவள் சுவரோரமாக ஒரு சுற்று நடந்தாள். வடிகால் வாயில்கூட சிமென்ட் பூசியிருந்தது. நின்று, அந்தப் பெண்ணுக்கு ஃபோன் போட்டாள்.

"மூடிட்டாங்க," என்றாள்.

"முழுசாவா?"

"முழுசா."

"அந்த ஊர்ல அதே மாதிரி வேற எங்கயாவது இருக்கா? அக்கா வேற ஏதாவது இடம் சொல்லியிருக்காங்களா?"

டிப்போ, சுவர், சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி ஒட்டிய கட்டடங்கள். பஸ்ஸில் போகும்போது அம்மா எப்போதும் ஜன்னலோரம்தான் உட்காருவாள். வெளியே என்ன பார்த்தாள் என்று மகள் ஒருநாளும் கேட்டதில்லை.

"சொல்லலை," என்றாள். "பாத்துட்டுச் சொல்றேன்."

ரோலர் மறுபடி கிளம்பியது. மகள் பையை மடித்துக் கரண்டியோடு சேர்த்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, எந்தப் பஸ்ஸில் ஏறுவது என்று தெரியாமல் டிப்போ வாசலில் நின்றாள்.